நிழற்படக் களஞ்சியமும் பெயர்ச்சீட்டும்



ஒரு குடும்பத்தில் கைபேசி வைத்திருப்போர் மூவர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஐந்து நிழற்படங்கள் எடுத்தால், ஓராண்டில் 5,475 படங்கள் சேர்ந்துவிடுகின்றன. பத்தாண்டுகளில் அத்தொகை அரை இலட்சத்தைத் தாண்டிவிடும். திருமணம், திருவிழா, சுற்றுலா, பள்ளி ஆண்டுவிழா என்று நிகழ்ச்சிகள் பெருகப் பெருகப் படங்களும் பெருகுகின்றன. "இத்தனை படங்களையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள எந்த மென்பொருள் நல்லது?" என்பது இக்காலத்து இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் வினாவாக இருக்கிறது.

வினா புதிது போலத் தோன்றலாம். ஆயினும் அதன் வேர் பழமையானது. கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, பெருந்தொகையான நிழற்படங்களைச் சேர்த்தவர்கள் அனைவரும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட வழிகளையும், அடைந்த இழப்புகளையும் அறிந்துகொண்டால், இன்றைய தேர்வும் நமக்கு எளிதாகும். ஆதலின் இவ்வுரையில் முதலில் வரலாற்றைக் கண்டு, பின்னர் தேர்வுக்கு வருவோம்.

பிரெஞ்சு நாட்டில் டாகேர் என்பவர் கண்ட நிழற்பட முறை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. தொடக்கத்தில் ஒரு படம் எடுப்பதே பெருமுயற்சியாக இருந்தது. படங்கள் சிலவாக இருந்தமையால், அவற்றைக் காப்பதும் அரிதன்று. எனினும் ஒழுங்குமுறையின் தேவை அக்காலத்திலேயே வெளிப்பட்டது. இதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்ந்து, 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டை அவர் பகுதி பகுதியாகப் பிடித்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக ஆக்கினார். அந்த 21 படங்களும் வரிசை மாறிக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எழுத்துகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். ஆயினும் கல்வெட்டைப் படிக்க இயலாது. படங்களுக்கு அவற்றின் வரிசையும் ஒரு பொருள் தருகிறது என்பது இதனால் விளங்கும்.

1888ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் என்னும் சிறு படப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுருள் படலத்தில் 100 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதிய சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நிழற்படம் கலைஞர் கையிலிருந்து குடும்பத்தார் கைக்கு வந்தது அப்போதுதான். அதனுடன் வீடுகளில் ஆல்பம் வைக்கும் வழக்கமும் மேலும் பெருகிற்று. கறுப்புத்தாளில் ஒட்டிய படத்தின் கீழ் ஊரையும் ஆண்டையும் எழுதும் வழக்கமும், படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களைக் குறிக்கும் வழக்கமும் பரவின.

ஆல்பத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒரு படத்தை ஓரிடத்தில் மட்டுமே ஒட்ட முடியும். தாத்தா தம் பேரனுடன் மதுரையில் எடுத்துக்கொண்ட படத்தைத் தாத்தாவின் பக்கத்தில் ஒட்டுவதா, பேரனின் பக்கத்தில் ஒட்டுவதா, மதுரைப் பயணத்தின் பக்கத்தில் ஒட்டுவதா? எங்கே ஒட்டினாலும் மற்ற இரண்டு இடங்களிலும் தேடுவோர்க்கு அது கிடைக்காது. நூறு படங்கள் உள்ள வீட்டில் இது சிறு தொல்லை. இலட்சக்கணக்கான படங்கள் உள்ள நிலையத்தில் இதுவே பெருந்தடையாகிவிடும்.

அத்தகைய பெருந்தொகுதி ஒன்றின் வரலாற்றை இனிக் காண்போம். 1935ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அரசின் வேளாண்மை மறுவாழ்வு அலுவலகம் ஒன்று, ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் தலைமையில், நாட்டுப்புற மக்களின் வறுமையையும் வாழ்க்கையையும் படமெடுக்கக் கலைஞர்களை அனுப்பியது. டாரதியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். சில ஆண்டுகளில் அங்கே சேர்ந்த கறுப்பு வெள்ளை மூலப்படலங்கள் ஏறத்தாழ 1,75,000. நாள்தோறும் படங்கள் வந்து குவிந்தன. செய்தித்தாள்கள் கேட்கும் படத்தை உடனே எடுத்துக் கொடுப்பது வரவர அரிதாயிற்று.

1942ஆம் ஆண்டில் பால் வாண்டர்பில்ட் என்பவர் இத்தொகுதியை ஒழுங்குபடுத்தும் பணியில் அமர்ந்தார். அவர் கண்ட வழி எளிமையானது. அதே சமயம் மிக ஆழ்ந்தது. ஒரு கலைஞர் ஓர் ஊரில் ஒரு பயணத்தில் எடுத்த படங்களை முதலில் ஒரு கட்டாகச் சேர்த்து, அதற்கு எண் இட்டு, அவ்வரிசையிலேயே நுண்படலத்தில் பதிவு செய்துவிட்டார். இதனால் எந்தப் படம் எந்தப் படத்தை அடுத்து எடுக்கப்பெற்றது என்ற செய்தி என்றும் அழியாதவாறு காக்கப்பெற்றது. அதன் பின்னரே அச்சுப்படங்களைக் கட்டிலிருந்து பிரித்து, முதலில் நிலப்பகுதி வாரியாகவும், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நிலம், ஊர், மக்கள், வீடு, போக்குவரத்து, தொழில் என்று பொருள் வாரியாகவும் அடுக்கினார். படம் ஒன்றே, ஆயினும் அதை இரண்டு வழிகளில் அணுகலாம். ஆல்பத்தின் குறை இங்கே நீங்கிற்று. இத்தொகுதி 1944ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொறுப்பில் சேர்ந்தது. இன்று அப்படங்களை இணையத்தின் வாயிலாக நீங்களும் காணலாம்.

இதே தொகுதி நமக்கு வேறு இரண்டு பாடங்களையும் கற்பிக்கிறது. ஸ்ட்ரைக்கர் தொடக்க ஆண்டுகளில் தமக்கு வேண்டாம் என்று பட்ட மூலப்படலங்களில் துளையிட்டுவிடுவது வழக்கம். துளையிட்ட அப்படங்களை இன்று காணும் ஆய்வாளர்கள், அவற்றுள்ளும் அரிய செய்திகள் இருப்பதைக் கண்டு வருந்துகின்றனர். ஒரு காலத்தில் பயனற்றது எனத் தள்ளியது, வேறொரு காலத்துக்குச் சான்றாகலாம். வேண்டாதவற்றை நீக்குவது தேவைதான். ஆனால் அது நிதானத்துடன் செய்யவேண்டிய பணி.

மற்றொரு பாடம் இதனினும் நெஞ்சைத் தொடுவது. 1936ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் நிப்போமோ என்னும் இடத்தில், வேலையின்றித் தவித்த ஒரு தாயையும் அவருடைய மக்களையும் டாரதியா லாங் படமெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற நிழற்படங்களுள் அது ஒன்றாயிற்று. நூல்களிலும் செய்தித்தாள்களிலும் அது எண்ணற்ற முறை அச்சாயிற்று. படத்துடன் இருந்த குறிப்பில் அத்தாயின் வயது இருந்தது. மக்களின் எண்ணிக்கை இருந்தது. ஊரின் பெயர் இருந்தது. அவருடைய பெயர் மட்டும் இல்லை. உலகமே அறிந்த அம்முகத்துக்குரியவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. இடையே 42 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவர் உயிரோடு இருந்தமையால் அப்பெயர் கிடைத்தது. இல்லையேல், அது என்றுமே அறியப்படாமல் போயிருக்கலாம். எடுத்த அன்றே எழுதாத பெயரைப் பின்னால் எந்த அறிஞரும் எளிதில் வருவிக்க இயலாது.

இனி, படம் கணினிக்குள் புகுந்த வரலாற்றுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தர அளவை நிலையத்தில் ரசல் கிர்ஷ் என்பவர், தம் கைக்குழந்தையின் படத்தை 176க்கு 176 என்ற அளவில் புள்ளிகளாகப் பிரித்துக் கணினிக்குள் செலுத்தினார். 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், படலமே இல்லாத படப்பெட்டி ஒன்றை அமைத்தார். அது 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவில் பதிவதற்கு 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. 1992ஆம் ஆண்டில் ஜேபெக் என்னும் சுருக்கமுறை உலகத் தரமாக ஏற்கப்பெற்றதும், படங்கள் சிறிய கோப்புகளாகி எங்கும் பரவத் தொடங்கின.

கோப்பாக மாறிய படத்துக்குப் பின்புறம் ஏது? பென்சிலால் எழுதுவது எங்கே? இவ்வினாவுக்கு மூன்று விடைகள் அடுத்தடுத்துத் தோன்றின. செய்தி நிறுவனங்கள் 1965ஆம் ஆண்டில் அமைத்த பன்னாட்டுக் கழகம் ஒன்று, ஐ.பி.டி.சி. என்னும் குறிப்புமுறையை வகுத்தது. தலைப்பு, எடுத்தவர் பெயர், இடம், விளக்கம் ஆகியவற்றைப் படக்கோப்பின் உள்ளேயே எழுதிவைக்க அது வழி செய்தது. 1995ஆம் ஆண்டில் ஜப்பானியர் எக்சிஃப் என்னும் முறையைக் கொண்டுவந்தனர். எடுத்த நாள், நேரம், ஒளித்துளையின் அளவு முதலியவற்றைப் படப்பெட்டி தானே எழுதிவிடும். 2001ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் எக்ஸ்.எம்.பி. என்னும் விரிந்த முறையை வெளியிட்டது. தமிழ் மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய எக்சிஃப் முறையின் விளக்கப் பகுதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே எண்ணி அமைந்தது. எக்ஸ்.எம்.பி. முறையோ யூனிகோடு எழுத்துகளை ஏற்பது. அதில் தமிழிலேயே பெயரும் ஊரும் எழுதலாம். எக்சிஃப் முறையிலும் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இவ்வசதி இடம்பெற்றது.

குறிப்பு எழுத இடம் கிடைத்தது. எழுதவும் தேடவும் கருவி வேண்டுமல்லவா? அக்கருவிகளே படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோட்டோ 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிக்காசா என்னும் மென்பொருளை 2004ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வாங்கி, அனைவர்க்கும் இலவசமாக அளித்தது. தொழில்முறைக் கலைஞர்களுக்கென ஆப்பிள் 2005ஆம் ஆண்டில் அப்பர்ச்சரையும், அடோபி 2007ஆம் ஆண்டில் லைட்ரூமையும் வெளியிட்டன. தன்னார்வலர்கள் கூடி வளர்த்த டிஜிகேம் என்னும் கட்டற்ற மென்பொருளும் உடன் வளர்ந்தது. வாண்டர்பில்ட் இரண்டு வழிகளில் அடுக்கியதை இவை நூறு வழிகளில் அடுக்கின. படம் தன் இடத்தைவிட்டு நகராமலே, ஆள் வாரியாகவும், ஊர் வாரியாகவும், ஆண்டு வாரியாகவும் தோன்றிற்று.

ஆனால் இவற்றின் ஆயுள் என்ன ஆயிற்று என்பதைக் கேளுங்கள். அப்பர்ச்சரின் வளர்ச்சியை நிறுத்துவதாக ஆப்பிள் 2014ஆம் ஆண்டில் அறிவித்தது. அடுத்த ஆண்டில் அதற்கும் ஐபோட்டோவுக்கும் பதிலாகப் போட்டோஸ் என்னும் புதிய மென்பொருள் வந்தது. பிக்காசாவைக் கூகுள் 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கைவிட்டது. ஐவியூ மீடியாப்ரோ என்னும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வாங்கிப் பெயரை மாற்றியது. 2010ஆம் ஆண்டில் ஃபேஸ் ஒன் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. 2018ஆம் ஆண்டில் அதன் விற்பனையே நின்றுவிட்டது. லைட்ரூம் இன்றும் உளது. எனினும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறை போய், மாதந்தோறும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் முறை வந்துவிட்டது.

இணையவழிச் சேமிப்பின் கதையும் இத்தகையதே. ஃபிளிக்கர் தளம் 2013ஆம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட்டு இடத்தை இலவசமாகத் தந்தது. 2019ஆம் ஆண்டில் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படங்கள் என்று வரம்பு கட்டியது. கூகுள் போட்டோஸ் 2015ஆம் ஆண்டில் எல்லையற்ற இலவசச் சேமிப்புடன் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளுடன் அச்சலுகை முடிந்தது. இவற்றை யாரையும் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. வணிகம் காலத்துக்கேற்ப மாறுவது இயல்பு. ஒரு குடும்பத்தின் நினைவோ மூன்று தலைமுறைக்கு நிற்கவேண்டியது. பத்தாண்டில் மாறுவதை நம்பி, நூறாண்டுக்குரியதை ஒப்படைக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்பதே கருத்து.

அந்த எச்சரிக்கை யாது? மென்பொருள் மறைந்தால் படங்கள் மறைவதில்லை. அவை வட்டிலேயே இருக்கும். மறைவது நம் உழைப்பு. நாம் மாலை மாலையாக அமர்ந்து எழுதிய பெயர்களும், ஊர்களும், விளக்கங்களுமே ஆபத்துக்கு உள்ளாகின்றன. ஆதலின் மென்பொருளிடம் கேட்கவேண்டிய முதல் வினா, "நான் எழுதும் குறிப்பை நீ எங்கே எழுதுகிறாய்?" என்பதாகும். சில மென்பொருள்கள் தம் சொந்தப் பேரேட்டில் மட்டும் எழுதிக்கொள்ளும். அது, ஆல்பத்திலுள்ள படங்களின் பெயர்களையெல்லாம் வேறொரு குறிப்பேட்டில் எழுதி அயலார் வீட்டில் வைப்பது போன்றது. வேறு சில, படத்தின் உள்ளேயே எழுதும். அது படத்தின் பின்புறத்தில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஐபோட்டோ தன் பேரேட்டையே பெரிதும் நம்பியிருந்தது. பிக்காசா தலைப்புகளைப் படத்தினுள் எழுதியது. ஆனால் ஆல்பப் பிரிவுகளை வெளியே வைத்தது. லைட்ரூமும் டிஜிகேமும் பேரேட்டில் எழுதுவதோடு, நாம் விரும்பிக் கட்டளையிட்டால் படத்தினுள்ளோ, அதனை ஒட்டிய துணைக்கோப்பிலோ எழுதித் தருகின்றன. அக்கட்டளையை இடாமல் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர் பலர். கூகுள் போட்டோஸில் நாம் எழுதும் விளக்கம், மொத்தமாகத் திரும்பப் பெறும்போது தனிக்கோப்பாக வருகிறது. அதைப் படத்துடன் மீண்டும் இணைக்கத் தனி முயற்சி வேண்டும்.

"முகத்தைக் கண்டு கணினியே அடையாளம் சொல்லுகின்ற இக்காலத்தில், பெயர் எழுதும் உழைப்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினா. 2009ஆம் ஆண்டு முதலே ஐபோட்டோவும் பிக்காசாவும் ஒரே முகமுடைய படங்களைச் சேர்த்துக் காட்டலாயின. இன்றைய கருவிகள் கோயில், கடல், மாட்டுவண்டி என்று பொருள்களையும் அறிந்து தேடித் தருகின்றன. இவ்வுதவியை மறுப்பது அறிவுடைமை ஆகாது. எனினும் எல்லையை அறியவேண்டும். இவ்விரு படங்களிலும் இருப்பவர் ஒருவரே என்று பொறி கூறும். அவர் பாட்டியின் தங்கை என்பதையும், அன்று அவ்வீட்டில் என்ன விசேடம் என்பதையும் மனிதர் சொன்னால்தான் அது அறியும்.

சரி, தேர்ந்தெடுப்பது எப்படி? ஆசிரியன் என்ற முறையில் ஒரு வழி கூறுகிறேன். மாணவரைத் தேர்வு வைத்து மதிப்பிடுவது போல், மென்பொருளுக்கும் தேர்வு வையுங்கள். இருநூறு படங்களின் நகலை மட்டும் அதில் இடுங்கள், மூலங்களைத் தொடவேண்டாம். ஐம்பது படங்களுக்குத் தமிழில் பெயரும் ஊரும் எழுதுங்கள். பின்னர் அப்படங்களை வெளியே எடுத்து, வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். எழுதியவை எழுதியவாறே தெரிந்தால் அது தேறியது. எழுத்துகள் சிதைந்தாலோ, குறிப்பே காணாமற்போனாலோ, அது எத்துணை அழகாக இருப்பினும் தேறவில்லை. ஒரு மாலைப் பொழுதில் இத்தேர்வு முடிந்துவிடும்.

தேறியவற்றுள் உங்கள் தேவைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். கைபேசிப் படங்கள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு எளிய இணையச் சேவையே போதும். ஆண்டுக்கொரு முறை முழுத் தொகுதியையும் தம் சொந்த வட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் சரி. நூற்றாண்டு விழாவுக்காகப் பழைய படங்களைத் திரட்டும் பள்ளிக்கு, பலர் கூடி உழைக்கவும் பல்லாண்டு நிற்கவும் ஏற்றதாகிய கட்டற்ற மென்பொருள் நலம். படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்கு, கட்டணம் செலுத்தினாலும் விரைவும் திருத்தும் வசதியும் இன்றியமையாதன.

எதைத் தேர்ந்தாலும் மூன்று பழக்கங்கள் வேண்டும். முதலாவது, கோப்புறைகளை ஆண்டு, மாதம் என்ற எளிய வரிசையில் வைத்தல். மென்பொருள் போனாலும் அந்த வரிசை நிற்கும். இரண்டாவது, எப்போதும் மூன்று படிகள் வைத்தல். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரிலோ, இணையத்திலோ இருக்கட்டும். வெள்ளமும் தீயும் ஒரு வீட்டில் உள்ள இரண்டு வட்டுகளையும் ஒருங்கே கொண்டுபோகக் கூடியவை. மூன்றாவது, குறிப்பு எழுதுவதை நாளைக்கென ஒத்திவையாமை.

இம்மூன்றாவது பழக்கத்தையே நான் உங்களிடம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், பெயர் எழுதாத முகங்கள் பல இருக்கும். அவர்கள் இன்னார் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவரோ இருவரோதாம் இருப்பர்; அவர்களும் முதியோர். மென்பொருளை அடுத்த ஆண்டும் தேர்ந்துகொள்ளலாம். இன்றுள்ளதைவிட நல்லதொன்று அப்போது வந்தும் இருக்கலாம். முதியோரின் நினைவோ அதுவரை காத்திருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆகவே வருகின்ற விடுமுறையில் உங்கள் பாட்டனார் பாட்டியாரின் அருகே அமர்ந்து, படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரையும், ஊரையும், ஆண்டையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கையில் கணினி இல்லையேல் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பின்னர் அதைப் படத்தினுள் ஏற்றிவிடலாம்.